ஸ்க்ரூ மேல் வைத்த சிவப்புப் பொட்டு

லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முந்தின நாள் சாயங்காலம், என் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து, அதன் அடிப்பக்கத்து ஸ்க்ரூ ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். பாதிப் பொட்டு ஸ்க்ரூவின் தலையில், மீதிப் பாதி பக்கத்து பிளாஸ்டிக்கில். யாராவது திருகினால் பொட்டு இரண்டாக உடைந்துவிடும், எனக்குத் தெரிந்துவிடும். இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு, திண்டிவனத்தில் ஒரு மோட்டார் பம்பு கடையில் பில் போடுகிறவன் நான். ரீவைண்டிங்குக்கு மோட்டாரைக் கொடுக்கிற விவசாயிகள் போல்ட்டின் மேல் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். உள்ளே இருக்கிற செம்புக் கம்பியை உருவிக்கொண்டு அலுமினியத்தைச் சுற்றிக் கொடுக்கிற ஆட்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்தவனுக்கு மெக்கானிக் என்றாலே ஒரு கண் சுருங்கத்தான் செய்யும்.

லேப்டாப்பில் பழுது ஒன்றுமில்லை. உள்ளே இருந்த விண்டோஸ் பழையது, அவ்வளவுதான். என் மனைவிக்கு வீட்டிலிருந்தே பார்க்கும்படியாக ஒரு வேலை வந்திருந்தது. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹயர் பாஸ் பண்ணியவள். கல்யாணத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அந்தச் சான்றிதழ் பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆன்லைனில் தேர்வு. அவர்களுடைய தேர்வு மென்பொருள் புதிய விண்டோஸில்தான் ஓடும். பதிவு செய்த லேப்டாப்பில்தான் எழுத வேண்டும், வேறு யாருடையதையும் இரவல் வாங்கி எழுதக்கூடாது என்பது நிபந்தனை. ஆக, சனிக்கிழமைக்குள் புதிய விண்டோஸ் ஏறியாக வேண்டும்.

அந்த வேலையின் மேலேயே எனக்குச் சந்தேகம். வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி தினம் கேள்விப்படுகிறோம். நான் அவளிடம் இருபது கேள்வி கேட்டேன். இருபதுக்கும் பதில் சொல்லிவிட்டு, "நான் இன்னா சின்னக் கொழந்தையா? எல்லாம் விசாரிச்சிட்டுத்தான் சொல்றேன்" என்றாள். மனசு மட்டும் அதற்கு மேலும் கேட்டுக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், எங்கள் கடைக்கு எதிர்ச்சாரியில் மாடியில் இருக்கிற லேப்டாப் மெக்கானிக்கிடம் போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டுக்கொண்டு பேசுகிற ஆள். விஷயத்தைச் சொன்னதும் மேஜை டிராயரிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார்.

"ஒரு மணி நேர வேலை சார். போட்டுக் குடுத்துடறேன்."

"அது வேணாம். என்து இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து என் பென் டிரைவை எடுத்து நீட்டினேன். "இதுல ஏத்திப் போடுங்க."

"எல்லாம் ஒண்ணுதான் சார்."

"உங்களுக்கு ஒண்ணு. எனக்கு எப்பிடி ஒண்ணாவும்?"

எங்கள் ஊர் மயிலம் பக்கம். மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பம். வருஷத்துக்கு ஒரு தரம் பருப்பு உடைத்து திண்டிவனம் மில்லுக்கு எண்ணெய் ஆட்டக் கொண்டுவரும்போது, அப்பா டின்னை வீட்டிலிருந்தே கொண்டுவருவார். மில்லில் இருக்கிற டின்னைத் தொடமாட்டார். நம்முடைய பருப்பு உள்ளே போய், நம்முடைய எண்ணெய் வெளியே வந்து, நம்முடைய டின்னில் விழுகிற வரைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்பார். டீ குடிக்கக்கூடப் போகமாட்டார். இதை நான் பெருமையாகவே மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் பென் டிரைவை வாங்கி அதில் விண்டோஸை ஏற்ற ஆரம்பித்தார். நான் நாற்காலியை இழுத்து அவர் தோளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்த பென் டிரைவை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, நடைபாதையில் விரித்து வைத்திருந்த ஒரு கடையில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கியிருந்தேன். அறுபத்து நாலு ஜிபி என்று முதுகில் அச்சடித்திருக்கும். எங்கள் கடை ஆயுத பூஜைக்கு ஸ்பீக்கரில் பாட்டுப் போட அதைத்தான் கொண்டுபோவேன். ஒரு பாட்டுகூட அதில் திக்கியதில்லை.

லேப்டாப் அந்த பென் டிரைவிலிருந்து எழுந்தது. லோகோ வந்தது. அதற்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. முப்பத்தாறு சதவீதம் வரை போனது. பிறகு திரை முழுக்க நீலமாகி, ஒரு சோக முகமும் இரண்டு வரி ஆங்கிலமும் வந்து, தானே அணைந்து தானே எழுந்தது. மறுபடி லோகோ, மறுபடி புள்ளிகள், இந்தத் தடவை நாற்பத்தொன்றில் நீலம். எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. கோபம் அடுத்த நிமிடம்தான் வந்தது.

"ராம் காண்டாக்ட்ல தூசி இருக்கும் சார். தொறந்து தொடச்சிப் பாக்கறேன்" என்றார்.

"சாஃப்ட்வேர் போடறதுக்கு எதுக்குத் தொறக்கணும்?"

"தொறக்காம எப்பிடி சார் தொடைக்கிறது?"

லேப்டாப்பைக் கவிழ்த்தவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "இன்னா சார் இது, லேப்டாப்புக்குப் பொட்டு வச்சிகினு வந்துருக்கீங்க?"

"வீட்ல யாராவது கைதவறிப் போட்டிருப்பாங்க" என்றேன். அவர் என் கட்டை விரலைப் பார்த்தார். நகத்தோரம் சிவப்பு ஒட்டியிருந்தது. பிறகு ஸ்க்ரூக்களைக் கழற்றினார். பொட்டுகள் ஒவ்வொன்றாக உடைந்தன.

உள்ளே இருந்த ராம் என்கிற மெமரிப் பட்டைகள் இரண்டையும் நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் கடையிலிருந்து முதலாளி போன் பண்ணிவிட்டார். லேப்டாப்பை விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அன்று பில்லில் இரண்டு தப்பு செய்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எதிர் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு எப்படி வரும்?

சாயங்காலம் போனபோது மனிதர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். ராமை ரப்பரால் தேய்த்துத் துடைத்திருக்கிறார். ஒவ்வொரு ராமாகத் தனித்தனியே போட்டுப் பார்த்திருக்கிறார். பென் டிரைவை வேறு துளையில் சொருகிப் பார்த்திருக்கிறார். தொடக்க அமைப்புகளை மாற்றிப் பார்த்து, ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்து, பென் டிரைவை அழித்து மறுபடி விண்டோஸை ஏற்றியும் பார்த்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் அதே நீலம்.

"லேப்டாப்பு நல்லாத்தான் இருக்குது சார். எனக்கு உங்க பென் டிரைவ் மேலதான் டவுட்டு. என்துல ஒரு தபா போட்டுப் பாத்துடட்டா?"

"என் பென் டிரைவுக்கு இன்னா? பாட்டெல்லாம் ஜோராப் பாடுது."

"பாட்டு வேற, இது வேற சார்."

நான் செல்போனை எடுத்து மத்தியானம் பிடித்த படத்தைப் பார்த்தேன். கை ஆடியதில் படம் மங்கலாக இருந்தது. ஸ்டிக்கரில் இருந்த எண்ணின் கடைசி இலக்கம் எட்டு போலத் தெரிந்தது. அவர் கையில் இருந்த ராமில் மூன்று. எனக்கு அது போதுமாக இருந்தது.

"ராம மாத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. ஸ்க்ரூக்களை நிதானமாக முடுக்கி, லேப்டாப்பைப் பைக்குள் வைத்து என் பக்கம் தள்ளினார். "எடுத்துகினு போங்க சார்" என்றார். திருடன் இப்படி அமைதியாக இருப்பானா என்று படி இறங்கும்போது ஒரு கணம் தோன்றியது. கைதேர்ந்த திருடன் இருப்பான் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

விழுப்புரத்துக்குத் திரும்பும் பாசஞ்சரில் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்த எட்டையும் மூன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மயிலம் ஸ்டேஷன் தாண்டும்போது எட்டாகத் தெரிந்தது விக்கிரவாண்டியில் மூன்றாகத் தெரிந்தது. முண்டியம்பாக்கத்தில் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

வீட்டில் அவள் முக்காலியின் மேல் பத்து விரலையும் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். லேப்டாப் இல்லாததால் மரத்தில் பழகிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சிங்களா?"

"ஆவல. அவன் கைய வச்சிட்டான்னு நெனைக்கறேன்."

நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவரு பென் டிரைவ்லயே ஒரு தபா போட்டுப் பாத்துருக்கலாம் இல்ல?" என்றாள்.

"உனக்குத் தெரியாது. அதுல இன்னா வச்சிருப்பான்னு யாருக்குத் தெரியும்?"

அவள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் என் முகத்தைப் பார்த்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பென் டிரைவைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். படுக்கும்போதும் அது பையிலேயே இருந்தது.

புதன்கிழமை கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, விழுப்புரத்திலேயே வேறொரு கடைக்குப் போனேன். அங்கேயும் என் பென் டிரைவ்தான் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டேன். கடைக்காரர் வயசானவர், யாருடைய பென் டிரைவ் என்பதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமில்லை. அதை அழித்து, தன் கம்ப்யூட்டரிலிருந்து புதிதாக ஏற்றினார். லோகோ, புள்ளிகள், முப்பத்தெட்டில் நீலம். அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு போன் வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே, "ஆமாமா, வந்துட்டுது. இங்கதான் இருக்குது" என்றார். திண்டிவனத்துக்காரன்தான் பேசுகிறான், இரண்டு பேரும் கூட்டு என்று எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. அவர் போனை வைத்துவிட்டு உள்ளே போய், கூரியரில் வந்திருந்த ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் காத்திருந்த ஒருவரிடம் கொடுத்தார். அப்போதும் என் சந்தேகம் முழுக்கப் போகவில்லை.

"போர்டு போயிடுச்சி சார். இதுக்கு மேல இதுல பேஜாருதான். செகண்ட்ஸ்ல ஒண்ணு இருக்குது, பாக்கறீங்களா?" என்றார். அதானே பார்த்தேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "போர்டு போயிடுச்சாம். யோசிச்சிப் பாத்தா இந்த வேலையே நமக்கு ஒத்துவராதுன்னு தோணுது. ஆரம்பத்துலேர்ந்தே எதுவும் சரியில்ல."

"எது சரியில்ல?"

"எல்லாந்தான்."

அவள் எனக்குச் சாப்பாடு போட்டாள். எதிரில் உட்காரவில்லை. முக்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள். மூன்று நாளாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தட்டல் சத்தம் அன்று இல்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி சுமாருக்கு, கடையில் பேனா எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டபோது பென் டிரைவ் இல்லை. ரயிலில் என் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்த ஆளின் முகம் உடனே ஞாபகம் வந்தது. அவன்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு டீ குடிக்க இறங்கினேன். ரோட்டைத் தாண்டும்போது, மெக்கானிக் கடையின் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பைப் பார்த்தேன். இடது செருப்பின் வாரில் கறுப்பு நூல் தையல். போன மாதம் அதைத் தைக்கக் கொண்டுபோனவனே நான்தான்.

அப்போது என் மனசு என்னவெல்லாம் நினைத்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். என் மனைவிக்கு இந்தக் கடை எப்படித் தெரியும்? என்னிடம் சொல்லாமல் ஏன் வந்தாள்? அவனுக்கும் அவளுக்கும் என்ன பேச்சு? கடை இருக்கிற இடத்தை திங்கட்கிழமை அவளிடம் விவரமாகச் சொன்னதே நான்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. படியில் பாதி ஏறி நின்று, ஒரு நிமிடம் ஒட்டுக் கேட்டேன். கீ போர்டு தட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது, நல்ல வேகத்தில்.

மேலே போனேன். அவள் மேஜையில் உட்கார்ந்து எங்கள் லேப்டாப்பில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். திரையில் புதிய விண்டோஸ். மெக்கானிக் தூரத்து மூலையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார்" என்றார். குரலில் குத்தல் இல்லை.

"ஆயிடுச்சி. நாப்பதே நிமிசம்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

"என் பென் டிரைவ்ல போட்டேன் சார். ராம், போர்டு, எதையும் தொடல" என்றார் மெக்கானிக். நான் லேப்டாப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். உடைந்த சிவப்புப் பொட்டுகளில் ஒன்றுகூட இல்லை. "மேடம் வரும்போதே சுத்தமா தொடச்சி எடுத்துகினு வந்துட்டாங்க" என்றார்.

அவள் தன் பர்ஸைத் திறந்து என் பென் டிரைவை எடுத்தாள். காலையில் என் சட்டைப் பையிலிருந்து எடுத்தவள் அவள்தான். "இதுல இன்னா இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று அவரிடம் கொடுத்தாள்.

அவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் சொருகி, சோதிக்கிற மென்பொருள் ஒன்றை ஓட்டினார். நீளமான ஒரு பட்டை இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டு போனது. ஆரம்பத்தில் கொஞ்சம் பச்சை. அதற்குப் பிறகு எல்லாம் சிவப்பு. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"டூப்ளிகேட்டு சார் இது. முதுகுல அறுபத்து நாலுன்னு போட்டுருக்கான், உள்ள இருக்கறது நாலுதான். நாலு வரைக்கும் எழுதுனது நிக்கும். அதுக்கு மேல எழுதனதெல்லாம் எழுதன மாதிரியே காட்டும், ஆனா இருக்காது. பாட்டு கொஞ்சமாப் போட்டீங்க, பாடிச்சு. விண்டோஸ் நாலுக்கு மேல. ஆரம்பம் இருக்குது, அதனால எழுந்துருக்குது. பாதியில ஃபைலு இல்ல, அதனால விழுந்துருது." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "மில்லு நல்லாத்தான் இருக்குது சார். நீங்க கொண்டாந்த டின்னுதான் ஓட்ட."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கடையில் ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்த்து வாங்குகிற நான், நடைபாதையில் ஏமாந்ததை வருஷக்கணக்காகச் சட்டைப் பையில் வைத்துக் காவல் காத்திருக்கிறேன்.

அவள் அதோடு விடவில்லை. "இத வீட்ல வச்சி யாராவது வேணும்னே இப்பிடிப் பண்ண முடியுங்களா?" என்று கேட்டாள்.

"வீட்லயா? முடியாதும்மா. செய்யும்போதே திருட்டுத்தனமா செஞ்சது இது."

அவள் மூச்சை இழுத்து விட்டது எனக்குக் கேட்டது. ஏன் அப்படிக் கேட்டாள் என்று அப்போது புரியவில்லை. நான் மெக்கானிக்கிடம், "அன்னிக்கு ராம் மாத்திட்டீங்களான்னு கேட்டது தப்பு தம்பி. மனசுல வச்சிக்காதீங்க" என்றேன். "பரவால்ல சார்" என்று அவர் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். பரவாயில்லை என்பது போல இல்லை அவர் முதுகு.

முதலாளியிடம் சொல்லிவிட்டு அவளை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வரத் தாமதமானது. லேப்டாப் பை அவள் தோளில் இருந்தது. நான் வாங்கக் கை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை.

"நான் உங்களத்தான் சந்தேகப்பட்டேன்" என்றாள்.

"என்னையா?"

"நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் புடிக்கல. அந்த பென் டிரைவ வீட்ல என் கையிலகூடக் குடுக்கல. தூங்கறப்பகூட பாக்கெட்ல வச்சிகினு தூங்கனீங்க. அவரு பென் டிரைவ்ல போடறேன்னு சொன்னா வேணான்றீங்க. நான் இன்னான்னு நெனைக்கிறது? நீங்க அதுல என்னமோ பண்ணிகினு வந்து, போர்டு போச்சின்னு என்கிட்ட கத சொல்றீங்கன்னு நெனச்சேன்."

ஐந்து நாளாக ஊரில் ஒருவரை விடாமல் நான் சந்தேகப்பட்டேன். என்னைச் சந்தேகப்பட ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யோசித்துப் பார்த்தால், மெக்கானிக்குக்கு எதிராக என்னிடம் இருந்த சாட்சியத்தைவிட எனக்கு எதிராக அவளிடம் இருந்த சாட்சியம் பலமானது.

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"தெரியும். அதான் இப்ப தெரிஞ்சிடுச்சே" என்றாள். பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அவள் பையைச் சரி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஆனா மொத நாளு அது பாதியில நின்னுபோச்சே, அப்ப உங்களுக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சா?"

"இல்ல" என்றேன். உடனே சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே உடனே.

முப்பத்தாறு சதவீதத்தில் திரை நீலமானபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? நிம்மதி. இனி அவள் யார் யாரோ பேசுவதைக் காதில் கேட்க வேண்டாம், எனக்குத் தெரியாத ஆட்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம், நான் வீடு திரும்பும்போது எப்போதும் போலவே இருப்பாள் என்கிற நிம்மதி. ஒரு நொடிதான் இருந்தது. ஆனால் இருந்தது.

அவள் தேர்வில் தேறிவிட்டாள். இப்போது நான் வீட்டுக்கு வரும்போது காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். ஒரு விரலைத் தூக்கி, இருங்கள், முடித்துவிட்டு வருகிறேன் என்பாள். நான் போய் டீ போடுவேன், இரண்டு பேருக்கும். வேலை உண்மையான வேலைதான், மாசம் தவறாமல் சம்பளம் வருகிறது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள், அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அன்று பஸ் ஸ்டாப்பில் நான் சொன்ன "இல்ல"யை அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். கேட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். கேட்டால் அந்தக் கேள்வியை அவள் இன்னொரு தடவை என்னிடம் கேட்பாள் என்று பயந்து, டீயை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.